மினியேச்சர்களை ஒட்டும் பசைகள்: தேர்வு முதல் திருத்தம் வரை

மாடல் கட்டத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, ‘இருப்பதிலேயே பலமான பசை எது?’ என்பதுதான். அந்தக் கேள்விக்கு நேரான விடை இல்லை. ஒரு வகைப் பிளாஸ்டிக்கின் இரு துண்டுகளை ஒரே துண்டாக இளக்கி இணைத்துவிடும் திரவம், உலோக உருவத்தின் மீது பட்டால் ஆவியாகிப் போவதைத் தவிர வேறொன்றும் செய்யாது. கண்ணிமைக்கும் நேரத்தில் விரலோடு விரலை ஒட்டிவிடும் சூப்பர் குளூ, மாடல் மேசையிலிருந்து விழும்போது முதலில் விட்டுக்கொடுக்கும் பசையாகவும் இருக்கிறது. ஆகவே பசைக் குப்பியைத் திறப்பதற்கு முன் இரண்டு செய்திகள் தெரிந்திருக்க வேண்டும்: துண்டு எதனால் ஆனது என்பது ஒன்று, ஒட்டி முடித்தபின் அந்த மூட்டு எதைத் தாங்கப்போகிறது என்பது மற்றொன்று.

இந்த வழிகாட்டி 1:72 அளவு விமானங்கள், 1:35 அளவு டாங்கிகள், 28 மி.மீ. அளவுப் போர் விளையாட்டு உருவங்கள் ஆகியவற்றை மனத்தில் கொண்டு எழுதப்பட்டது. ரயில் மாடல் கட்டுபவர்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

முதல் படி: துண்டு எதனால் ஆனது?

ஏர்ஃபிக்ஸ், டமியா, ரெவெல் நிறுவனங்களின் விமான, டாங்கிக் கிட்டுகளும், கேம்ஸ் வொர்க்‌ஷாப்பின் பிளாஸ்டிக் வார்ஹாமர் போர் விளையாட்டு உருவங்களும் பாலிஸ்டைரீனால் ஆனவை. துண்டுகள் ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் தொற்றிக்கொண்டு வரும். அந்தச் சட்டத்துக்கு ஸ்ப்ரூ என்று பெயர். திரவமாக அச்சில் ஊற்றி இறுகவைக்கும் ரெசின் என்ற பொருளால் ஆன துண்டுகளுக்கு இத்தகைய சட்டம் இருப்பதில்லை. தடித்த வார்ப்புக் கட்டை ஒன்றோடு அவை வரும், அறுத்தால் மாவு போன்ற தூள் உதிரும், மெல்லிய பகுதியை வளைத்தால் வளையாமல் முறியும். 3டி பிரிண்டரில் அச்சிட்ட ரெசின் உருவத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அடுக்கடுக்கான நுண்கோடுகள் தெரியும். உலோக உருவத்தை எடையே காட்டிக்கொடுத்துவிடும். பலகை விளையாட்டுப் பெட்டிகளில் வரும், விரலால் அழுத்தினால் வளைந்து மீளும் காய்கள் பெரும்பாலும் பிவிசி.

இவற்றில் தலைவலி தருவது பாலிஎத்திலீன். பழைய 1:72 அளவு மென்பிளாஸ்டிக் சிப்பாய்கள் இந்த வகை. தொட்டால் மெழுகு பூசியது போல வழுவழுப்பாக இருக்கும், சாதாரணப் பசை எதுவும் இதன்மீது நிலைக்காது. பண்டாய் நிறுவனத்தின் குண்டம் ரோபோக் கிட்டுகளில் மூட்டுகளுக்குள் வரும் மென்மையான சிறு கிண்ணங்களும் இதே போன்றவைதான். அவற்றை ஒட்டவே கூடாது, அவை சுழல்வதற்காக வைக்கப்பட்டவை. அதே கிட்டுகளின் உட்சட்டகம் பல சமயங்களில் ஏபிஎஸ் பிளாஸ்டிக்காக இருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளவும். பெட்டியோடு வரும் கையேட்டிலோ ஸ்ப்ரூவின் ஓரத்திலோ பிளாஸ்டிக்கின் குறியீடு அச்சிடப்பட்டிருப்பதுண்டு. முதலில் அதைத் தேடிப் பார்ப்பது நல்லது.

குறியீடு கிடைக்காவிட்டால் இரண்டு எளிய சோதனைகள் உள்ளன. ஸ்ப்ரூவின் ஒரு மூலையில் பிளாஸ்டிக்கை இளக்கி இணைக்கும் திரவமான பிளாஸ்டிக் சிமென்டை ஒரு துளி தடவி, சில நொடிகள் கழித்துப் பல்குத்தும் குச்சியால் தொட்டுப் பாருங்கள். மேற்பரப்பு இளகிப் பிசுபிசுத்து நூல்போல இழுபட்டால் அது பெரும்பாலும் பாலிஸ்டைரீன்; ஒன்றுமே நேராவிட்டால் வேறு பொருள். இரண்டாவது சோதனைக்கு ஒரு தம்ளர் தண்ணீர் போதும். நகத்தளவு துண்டைத் தண்ணீரில் போட்டு, அதில் ஒட்டியிருக்கும் காற்றுக்குமிழிகளைத் தட்டிவிட வேண்டும். பாலிஎத்திலீன் தண்ணீரைவிட இலேசானது, ஆகவே மிதக்கும். பாலிஸ்டைரீனின் அடர்த்தி சுமார் 1.05 என்பதால் அது மெதுவாக மூழ்கும். அதே தண்ணீரில் உப்பை அள்ளிப் போட்டுக் கரைத்தால் எழும்பி மேலே வந்துவிடும். ஏபிஎஸ்ஸும் ஏறக்குறைய அதே அடர்த்திதான் என்பதால், அவ்விரண்டையும் பிரித்தறிய இந்தச் சோதனை உதவாது.

இரண்டாம் படி: ஒட்டும் முகங்களைத் தயார் செய்தல்

பசையின் மீது சுமத்தப்படும் பழிகளில் பாதி உண்மையில் இந்தக் கட்டத்தில் செய்த சோம்பலுக்கு உரியவை. துண்டை ஸ்ப்ரூவிலிருந்து பக்கவாட்டு வெட்டுக்குறடால் வெட்டும்போது ஒரு மில்லிமீட்டர் காம்பை விட்டுவைத்து வெட்டி, பிறகு அந்தக் காம்பைக் கூரிய கத்தியால் சீவ வேண்டும். அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் உண்டாகும் வார்ப்புக்கோடு ஒட்டும் முகத்தின் குறுக்கே ஓடினால், அந்த முகங்கள் ஒன்றையொன்று முழுமையாகத் தொடாது. ஆகவே அதையும் கத்தியின் முதுகால் சுரண்டி எடுக்க வேண்டும்.

ரெசின் துண்டுகளில் அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்காகப் பூசிய எண்ணெய்ப் பசை எஞ்சியிருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், பழைய பல்துலக்கி ஆகியவற்றைக் கொண்டு தேய்த்துக் கழுவி, முழுமையாக உலரவிட்ட பிறகே ஒட்ட வேண்டும். ரெசின் வாளோ ஈட்டியோ வளைந்திருந்தால் அதை நேராக்க வேண்டிய தருணமும் இதுவே: சுடுநீரில் சிறிது நேரம் வைத்தால் இளகும், நேராக்கிப் பிடித்தபடி குளிர்ந்த நீரில் அமிழ்த்தினால் அந்த வடிவத்திலேயே நிற்கும். உலோகத் துண்டுகளின் ஒட்டும் முகத்தை அரத்தாலோ உப்புத்தாளாலோ கீறிவிட வேண்டும். பளபளப்பான வழுக்கு முகத்தில் எந்தப் பசைக்கும் பிடிப்பு இல்லை. சாயம் பூசிய பிறகு ஒட்டுவதாக இருந்தால், ஒட்டும் இடத்திலுள்ள சாயத்தைச் சுரண்டி அடிப்பொருளை வெளியே கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் பசை சாயத்தைத்தான் பிடித்துக்கொள்ளும், சாயம் உரிந்தால் கையும் கழன்றுவரும்.

இதன் பின்பு பசையில்லாமல் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். எந்தப் பக்கம் இடைவெளி விழுகிறது, எங்கே விரலால் பிடிக்க முடியும், எந்தத் துண்டை முதலில் ஒட்டினால் மற்றொன்று உள்ளே நுழையாமல் போகும் என்பவையெல்லாம் இப்போதே தெரிந்துவிடும்.

பாலிஸ்டைரீனுக்குப் பிளாஸ்டிக் சிமென்ட்

பெயரில் சிமென்ட் இருந்தாலும் இது பசையே அல்ல, கரைப்பான். பியூட்டைல் அசிட்டேட், அசிட்டோன், பியூட்டனோன் போன்ற திரவங்கள் பாலிஸ்டைரீனின் மேற்பரப்பைக் கரைத்து இளகச் செய்கின்றன. இரண்டு முகங்களின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளும் அந்த இளகிய நிலையில் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். கரைப்பான் ஆவியாகிப் போனதும் எஞ்சுவது ஒரே பிளாஸ்டிக். நடுவில் வேறு பொருளின் அடுக்கு எதுவும் இல்லை. அதனால்தான் பாலிஸ்டைரீனோடு பாலிஸ்டைரீனைச் சேர்க்கும்போது வேறு எந்தப் பசையும் இதற்கு ஈடாவதில்லை. ஏபிஎஸ் துண்டுகளுக்கும் இம்முறை பொருந்தும், ஆனால் பியூட்டனோனோ அசிட்டோனோ கலந்த சற்று வீரியமான சிமென்ட் வேண்டும். ரெசின், உலோகம் ஆகியவற்றின் மீது இது பயனற்றது.

கடைகளில் இது நீர்த்ததாகவும் குழம்பாகவும் இரு வடிவங்களில் கிடைக்கிறது. நீர்த்த வகைக்குப் பேர்போன எடுத்துக்காட்டு, மூடியிலேயே தூரிகை பொருத்திய, பச்சை மூடி கொண்ட டமியா எக்ஸ்ட்ரா தின். குழம்பு வகையில் ஏற்கனவே பிளாஸ்டிக் கரைக்கப்பட்டிருப்பதால் அது உடனே ஓடாமல் வைத்த இடத்தில் நிற்கும். மெல்லிய உலோக ஊசி முனையோடு வரும் ரெவெல் கான்டாக்டா இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. ஆரஞ்சுத் தோலிலிருந்து கிடைக்கும் லிமோனீனைக் கொண்டு செய்த சிமென்டும் உண்டு. மணம் இதமானது, வேலை செய்வது நிதானமாக. ஒரே ஒரு குப்பிதான் வாங்க முடியும் என்றால் நீர்த்த வகையை வாங்குங்கள் என்பது என் கருத்து.

நீர்த்த சிமென்டைத் துண்டின்மீது தடவிவிட்டுப் பிறகு பொருத்துவது தவறான முறை. விமான உடலின் இரு பாதிகளை ஒட்டுவதாக வைத்துக்கொள்வோம். இரண்டையும் முதலில் சேர்த்துப் பொருத்திப் பிடித்துக்கொண்டு, தூரிகையின் முனையால் மூட்டுக்கோட்டை வெளியிலிருந்து மெல்லத் தொட வேண்டும். திரவம் நுண்துளை ஈர்ப்பால் கோட்டின் வழியே இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரம் தானாகவே ஓடும். அந்தப் பகுதியை 10 அல்லது 15 நொடிகள் அப்படியே வைத்திருந்து, பிறகு இரு பாதிகளையும் மெதுவாக நெருக்கினால், இளகிய பிளாஸ்டிக் கோட்டின் மேல் மெல்லிய கயிறுபோல எழும்பும். அந்தக் கயிறு எழுவதே மூட்டு உள்ளே முழுமையாகச் சேர்ந்ததற்கு அடையாளம். அதைத் துடைக்கக் கூடாது. 24 மணி நேரம் விட்டுவைத்து, நன்றாக இறுகிய பின் கத்தியால் சீவி உப்புத்தாளால் தேய்த்தால் மூட்டுக்கோடு இருந்த இடமே தெரியாது; இடைவெளியை நிரப்பும் புட்டி மாவைத் தனியாக வைக்க வேண்டிய தேவையும் பெரும்பாலும் எழாது. இப்படிச் சிறிது சிறிதாக உடல் முழுவதும் நகர்ந்து செல்லவும். சித்திரை, வைகாசி வெயிலில் தூரிகையிலேயே திரவம் ஆவியாகிவிடும் என்பதால், ஒருமுறை தொட்டெடுத்தால் ஓரிரு இடங்களுக்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

இந்த நுண்துளை ஈர்ப்பே தொடக்கக்காரர்களின் எதிரியும்கூட. கோட்டின் மேல் விரல் இருந்தால் திரவம் விரலுக்கு அடியிலும் ஓடும். விரலை எடுக்கும்போது மாடலில் கைரேகை பதிந்திருக்கும். என் முதல் ஸ்பிட்ஃபயர் விமான மாடலின் முதுகில் என் கட்டைவிரல் ரேகை இன்றும் இருக்கிறது. மூட்டுக்கோட்டின் மீது ஒட்டுநாடாவை ஒட்டிப் பிடிப்பதும் இதே விளைவைத் தரும். நாடாவைக் கோட்டின் குறுக்கே சில இடங்களில் மட்டும் ஒட்டி, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதிகளில் சிமென்டை விட வேண்டும். தவறுதலாக ஒரு துளி இறக்கையின் நடுவில் சிந்திவிட்டால் கையை எடுத்துவிட்டு அப்படியே விடுங்கள். ஆவியான பிறகு எஞ்சும் இலேசான பளபளப்பு, சாயத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சான பிரைமருக்குள் மறைந்துவிடும். துடைத்தால் உண்டாகும் வடு மறையாது.

குழம்பு வகைக்கு உரிய இடம் வேறு. சிப்பாய் உருவத்தின் தலை, கை, துப்பாக்கி போன்றவற்றைப் பொருத்தும்போது சில நிமிடங்கள் திருப்பிச் சரிசெய்ய அவகாசம் தேவைப்படும். மிளகளவு குழம்பை ஒரு முகத்தில் மட்டும் வைத்து, துண்டைப் பொருத்தி, தலை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதை நிதானமாக முடிவுசெய்யலாம். அதன்பின் வெளியிலிருந்து ஒரு துளி நீர்த்த சிமென்டை விட்டால் மூட்டு விரைவில் பிடித்துக்கொள்ளும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அக்ரிலிக் பலகை வெட்டி ஒட்டும் கடைகளிலும் கட்டடக்கலை மாணவர்களிடையேயும் குளோரோஃபார்மைக் கொண்டு ஒட்டும் பழக்கம் உண்டு. அது பாலிஸ்டைரீனையும் கரைக்கத்தான் செய்கிறது. ஆனால் அதன் ஆவி கல்லீரலைத் தாக்கக்கூடியது, முகத்தருகே மணிக்கணக்கில் வைத்துச் செய்யும் மாடல் வேலைக்கு அது ஏற்றதல்ல. நகப்பூச்சு நீக்கியும் வேண்டாம். அதில் கலந்திருக்கும் எண்ணெயும் வாசனைப் பொருளும் மூட்டைப் பாழாக்கும்.

ரெசினுக்கும் உலோகத்துக்கும் சூப்பர் குளூ

ஃபெவிக்விக், லாக்டைட் என்று எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும் சூப்பர் குளூவின் சாரம் சயனோஅக்ரிலேட். 1942-இல் கோடக் நிறுவனத்தில் ஹாரி கூவர் என்பவரின் குழு துப்பாக்கிக் குறிநோக்கிகளுக்கான தெளிந்த பிளாஸ்டிக்கைத் தேடியபோது இது அகப்பட்டது. எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது என்ற காரணத்தால் ஒதுக்கப்பட்டது. 1951-இல் ஜெட் விமானங்களின் கண்ணாடிக் கூண்டுகளுக்கான ஆய்வின்போது மறுபடியும் கையில் ஒட்டியது. 1958-இல் பசையாகவே சந்தைக்கு வந்தது. விமானக் கண்ணாடிக்கான தேடலில் மீண்டும் கிடைத்த இந்தப் பொருள்தான் மாடல் விமானங்களின் கண்ணாடியைப் பாழாக்குவதிலும் முதலிடம் வகிக்கிறது. அதைப் பின்னால் பார்ப்போம்.

இது உலர்ந்து இறுகுவதில்லை. மேற்பரப்பில் எப்போதும் படிந்திருக்கும் நுண்ணிய ஈரம் பட்டவுடன் அதன் மூலக்கூறுகள் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன. ஆகவே அடுக்கு மெல்லியதாக இருந்தால் நொடிகளில் இறுகும். தடியாக இருந்தால் ஓரம் மட்டும் இறுகி நடுவில் ஈரம் எட்டாமல் திரவமாகவே கிடக்கும். ‘நிறையப் போட்டேன், ஒட்டவே இல்லை’ என்ற புலம்பலின் காரணம் இதுதான். பட்டாணியளவு மூட்டுக்குக் கடுகளவு பசை போதும், அதுவும் ஒரு முகத்தில் மட்டும். பொருத்தியபின் 20 முதல் 30 நொடிகள் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிடித்திருக்கும்போது ‘ஒட்டியதா’ என்று ஆட்டிப் பார்த்தால், பாதி கோத்த சங்கிலிகள் அறுந்துபோய், மூட்டைச் சுரண்டிவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். குளிரூட்டப்பட்ட வறண்ட அறையில் இறுகத் தாமதமானால் மூட்டின் மீது ஒருமுறை வாயால் ஊதினால் போதும், மூச்சின் ஈரம் வேலையை முடுக்கும். சென்னை போன்ற கடலோர ஊர்களின் மழைக்காலத்திலோ இதற்கு நேரெதிரான சிக்கல்: துண்டைச் சரியாக வைப்பதற்குள்ளாகவே பசை பிடித்துக்கொள்ளும், மூட்டைச் சுற்றி வெண்படலமும் அதிகமாகப் படியும்.

நீர்த்தது, நடுத்தரம், ஜெல் என இதிலும் வகைகள் உள்ளன. முகங்கள் கச்சிதமாகப் பொருந்தும் ரெசின் துண்டுக்கு நீர்த்தது ஏற்றது. முகங்கள் மேடுபள்ளமான உலோக வார்ப்புக்கு ஜெல்லே பொருத்தம். ரப்பர் கலந்த கருப்பு வகை கிடைத்தால் அது அதிர்வை நன்றாகத் தாங்கும். குழாயிலிருந்து நேராக மாடலில் பிழிவது எப்போதும் ஆபத்து. ஒரு பழைய பிளாஸ்டிக் மூடியில் இரண்டு துளி விட்டு, அதிலிருந்து குண்டூசி முனையால் தொட்டெடுத்து வைக்கவும். டாங்கிகளுக்கு வரும் பித்தளைத் தகட்டுத் துண்டுகளை ஒட்ட, தையலூசியின் காதின் மேல்வளைவை உடைத்துவிட்டால் கிடைக்கும் கவை போன்ற முனை மிகச் சிறந்த கருவி. இரு கிளைகளுக்கு நடுவே சரியாக ஒரு நுண்துளி நிற்கும். பசை இறுகி அடைத்துக்கொண்டால், பற்றியெரியும் பொருள்கள் இல்லாத இடத்தில் ஊசி முனையைத் தீயில் காட்டிச் சுத்தம் செய்யலாம், அப்போது எழும் புகையை மூக்கில் ஏற்றாமல்.

பாலிஸ்டைரீனையும் சூப்பர் குளூ ஒட்டும். ஆனால் அது மேற்பரப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் கண்ணாடி போன்ற அடுக்கு. இழுவிசையைத் தாங்கும், திடீர்த் தட்டையும் பக்கவாட்டில் நெம்புவதையும் தாங்காது. ஆகவே இரு பக்கமும் பாலிஸ்டைரீனாக இருந்தால் சிமென்டையே பயன்படுத்தவும். ஒரு பக்கம் பிளாஸ்டிக், மறுபக்கம் ரெசின் அல்லது உலோகம் என்றாலோ, சாயம் பூசி முடித்த சிறு துண்டைக் கடைசியில் பொருத்த வேண்டியிருந்தாலோ சூப்பர் குளூவுக்கு வரலாம். பிவிசி காய்களுக்கும் இதுவே போதும். பாலிஎத்திலீனுக்கு மட்டும் அதற்கென்றே விற்கப்படும் முன்பூச்சைத் தடவிய பிறகுதான் இது பிடிக்கும்.

3டி அச்சு உருவங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு: அச்சிட்ட அதே திரவ ரெசினை மூட்டில் ஒரு துளி வைத்து, புறஊதா டார்ச்சால் வெளிச்சம் காட்டினால் இறுகும். ஒளி எட்டாத உட்பகுதியில் அது இறுகாது என்பதால் சிறு மூட்டுகளுக்கு மட்டுமே இது பொருந்தும். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும், கையுறை கட்டாயம்.

எடை தாங்க வேண்டிய மூட்டுகள்: கம்பியும் எபாக்ஸியும்

உலோக டிராகனின் இறக்கையை எந்தப் பசையும் தனியாகத் தாங்காது. அதற்குத் துணையாக வைப்பது கம்பி. கையால் திருகும் சிறு துளைப்பானில் 1 மி.மீ. முனையைப் பொருத்தி, இறக்கையின் ஒட்டும் முகத்தின் நடுவில் நான்கைந்து மில்லிமீட்டர் ஆழத்துக்குத் துளையிடவும். எதிர்முகத்தில் அதே இடத்தைக் கண்டுபிடிப்பதுதான் இதில் சிரமமான பகுதி. முதல் துளையின் வாயில் ஈரச் சாயத்தை ஒரு புள்ளி வைத்து, இரு துண்டுகளையும் சேர்த்து அழுத்திப் பிரித்தால், எதிர்முகத்தில் புள்ளி பதியும்; அங்கே துளையிட வேண்டும். பித்தளைக் கம்பியோ, நேராக்கிய பேப்பர் கிளிப்போ துளைக்குள் போகும். கம்பியை ஒரு துளையில் ஒட்டி இறுகவிட்டு, மறுதுண்டைப் பொருத்திப் பார்த்துத் தேவையான நீளத்துக்கு வெட்டிய பிறகு முழு மூட்டையும் ஒட்டவும்.

இத்தகைய மூட்டுகளுக்கு ஏற்ற பசை எபாக்ஸி. அரால்டைட் போன்றவற்றில் ரெசின், இறுக்கி என இரண்டு குழாய்கள் இருக்கும். இரண்டையும் சம அளவில் எடுத்து, ஒரு நிமிடமாவது நன்றாகக் கலக்க வேண்டும். கண்ணளவில் ஒன்று கூடிப்போனாலோ கலவை சரியாகச் சேராவிட்டாலோ பசை என்றைக்கும் பிசுபிசுப்பாகவே இருந்துவிடும். ஐந்து நிமிட வகை அவசரத்துக்கு உதவும், நிதானமாக இறுகும் வகை கூடுதல் பலம் தரும். எதுவாக இருந்தாலும் முழுப் பலத்தை அடைய ஒரு நாள் விடவும். அதுவரை மூட்டு சரியாமல் இருக்க, மாடலை அரிசி நிரப்பிய கிண்ணத்தில் வேண்டிய கோணத்தில் புதைத்து நிறுத்தலாம். பசை வழிந்தால் இறுகுவதற்கு முன்பே துடைத்துவிட வேண்டும்.

கண்ணாடித் துண்டுகள்

விமானியின் கூண்டு, டாங்கியின் விளக்கு போன்ற தெளிந்த துண்டுகளில் சிமென்ட் பட்டால் நுண்விரிசல் விழும். சூப்பர் குளூ நேராகப் படாவிட்டாலும் கெடுக்கும்: அதன் ஆவி எழுந்து கண்ணாடியில் படிந்து அங்கேயே இறுகி, வெண்மூட்டமாக நிற்கும். கூண்டுக்குள் மூட்டம் படிந்துவிட்டால் அதைக் கழற்றாமல் துடைக்க வழியில்லை. இங்கே ஏற்றது சாதாரண வெள்ளைப் பசை, அதாவது ஃபெவிகால் போன்ற பிவிஏ. பல்குத்தும் குச்சியால் விளிம்பில் மெல்லிய கோடாக வைத்துக் கூண்டைப் பொருத்தி, பிதுங்கியதை ஈரத் துணியால் துடைத்தால் போதும். காய்ந்தால் ஏறக்குறைய நிறமற்றதாகிவிடும். தவறிவிட்டால் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துக் கழற்றலாம். கண்ணாடிக்கென்றே விற்கப்படும் பிவிஏ வகைகள் இன்னும் தெளிவாகக் காயும். பலம் குறைவுதான், ஆனால் கூண்டைப் பிடித்து யாரும் விமானத்தைத் தூக்கப்போவதில்லை.

இடைவெளிகளை நிரப்புதல்

பாலிஸ்டைரீன் மாடலில் விழும் மெல்லிய இடைவெளிக்கு, அதே கிட்டின் ஸ்ப்ரூவைச் சிறு துணுக்குகளாக நறுக்கி, பாதி காலியான சிமென்ட் குப்பியில் போட்டு ஒரு நாள் கரைய விட்டால் தேன் பதத்தில் ஒரு குழம்பு கிடைக்கும். இதைத் தடவினால் மாடலோடு மாடலாகிவிடும். காய்கையில் சுருங்கும் என்பதால் சற்று மேடாக வைத்து, குறைந்தது இரண்டு மூன்று நாள்கள் விட்டுத் தேய்க்கவும். தடியாக அப்பினால் கரைப்பான் உள்ளே தங்கி மெல்லிய சுவரை வளைத்துவிடும்.

ரெசின், உலோக உருவங்களில் நீர்த்த சூப்பர் குளூவும் ஆப்பசோடாவும் சேர்ந்து நிரப்பியாகின்றன. இடைவெளியில் சோடாவைத் தூவித் தட்டிவிட்டு, ஒரு துளி பசையை விட்டால் உடனே கல்லாகிவிடும். கலக்கும்போது சூடு எழும். அரைமணி நேரத்துக்குள் தேய்த்துவிடுவது நல்லது, நாள் ஆக ஆகச் சுற்றியுள்ள ரெசினைவிடக் கடினமாகித் தேய்ப்பது சிரமமாகும். பெரிய பள்ளங்களுக்கு மில்லிபுட், எம்-சீல் போன்ற இருபகுதி எபாக்ஸி மாவு சிறந்தது. ஈர விரலால் தடவினால் வழுவழுப்பாகும்.

அடித்தளம்

உருவத்தைத் தளத்தில் நிறுத்த அதன் பொருளுக்கு ஏற்ற பசை. தளத்தின் மீது மணல், புல், கல் தூவ ஃபெவிகால். டீ வடிகட்டியில் சலித்துக் கழுவிக் காயவைத்த ஆற்றுமணலை ஈரப் பசையின்மீது தூவி, காய்ந்தபின் தட்டி, மேலே நீர்த்த பசை ஒரு பூச்சு கொடுத்தால் மணல் உதிராது. அந்த நீர்த்த பூச்சில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தால் மணல்களுக்கு இடையே எளிதாக இறங்கும். தளம் தெர்மாகோலாக இருந்தால் கவனம் தேவை: தெர்மாகோலும் பாலிஸ்டைரீன்தான், பிளாஸ்டிக் சிமென்ட் பட்டால் குழி விழும், சூப்பர் குளூவும் அரித்துவிடும்.

ஒட்டியதைப் பிரித்தல்

ஃபெவிகால் நீரில் இளகும். சூப்பர் குளூவால் ஒட்டிய உலோக உருவத்தை அசிட்டோனில் சில மணி நேரம் ஊறவைத்தால் துண்டுகள் கழன்றுவிடும், சாயமும் போய்விடும். பிளாஸ்டிக் உருவத்தை ஒருபோதும் அசிட்டோனில் போடக் கூடாது, பசைக்கு முன்பு உருவமே கரையும். பிளாஸ்டிக்கிலும் ரெசினிலும் சூப்பர் குளூ மூட்டைப் பிரிக்க, மாடலை ஒரு பையில் போட்டு உறைபெட்டியில் சில மணி நேரம் வைத்துவிட்டு, எடுத்தவுடன் மூட்டை மெல்ல முறுக்கிப் பாருங்கள். குளிரில் பசை மேலும் நொறுங்கும் தன்மையடைந்து விட்டுக்கொடுக்கும். எபாக்ஸி மூட்டு உலோகத்தில் இருந்தால் கொதிநீரில் இளகுவதுண்டு. பிளாஸ்டிக் சிமென்டால் இணைத்தது இறுகிவிட்டால் அதைப் பிரிக்க எந்த மருந்தும் இல்லை. மெல்லிய ரம்பத்தால் அறுக்க வேண்டியதுதான்.

விரல்கள் ஒட்டிக்கொண்டால் பிய்க்காமல், வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்துத் தோலை மெதுவாக உருட்டிப் பிரிக்கவும். கண்ணில் பட்டால் இமையை வலிந்து திறக்காமல், வெதுவெதுப்பான நீரால் கழுவியபடி மருத்துவரிடம் செல்ல வேண்டும். பருத்தித் துணியில் சூப்பர் குளூ கொட்டினால் தோலைச் சுடும் அளவுக்குச் சூடேறும்; ஆகவே வழிந்ததைப் பஞ்சால் துடைக்க வேண்டாம், பருத்திக் கையுறையும் வேண்டாம்.

காற்றோட்டமும் சேமிப்பும்

சிமென்டின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும், தலைசுற்றலும் தரும். சன்னலருகே, விளக்கோ ஊதுவத்தியோ எரியாத இடத்தில் வேலை செய்யுங்கள். சாமி மாடத்தின் அருகே மாடல் மேசை போட்டிருப்பவர்கள் இதை இருமுறை படிக்கவும். ரெசினைத் தேய்க்கும்போது தண்ணீரில் நனைத்தே தேய்த்து, முகக்கவசமும் அணிய வேண்டும். பழைய உலோக உருவங்களில் ஈயம் இருக்கும் என்பதால் வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது.

திறக்காத சூப்பர் குளூவைக் குளிர்பெட்டியில் வைக்கலாம். எடுத்தபின் அறை வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்கவும், இல்லையென்றால் குளிர்ந்த குழாயில் படியும் ஈரமே அதை இறுகச் செய்துவிடும். திறந்ததைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் நிமிர்த்தி வைக்கவும். எப்போதாவது மட்டும் ஒட்டுபவர்களுக்குப் பெரிய குப்பியைவிட அரை கிராம் குழாய்களே சிக்கனம். நீர்த்த சிமென்ட் குப்பி சதுரமாக இருந்தாலும் கைபட்டுக் கவிழ்வது வழக்கம் என்பதால், அகலமான மரக்கட்டையில் குழி தோண்டி அதில் நிறுத்துங்கள். நான் முதலில் தெர்மாகோலில் குழி தோண்டினேன். மூடியிலிருந்து வழிந்த துளிகள் இரவோடு இரவாகக் குழியை அகலமாக்கியிருந்தன. காலையில் குப்பி ஒருபக்கம் சாய்ந்து நின்றது.